இருபது பேருக்கு இடம்

ஒக்ரோபர் 21, திங்கள்

ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது நடுக்கடலில் லோஞ்சு நின்றுவிட்டது. இந்த வருடம் இப்படி நிற்பது புதிதில்லை என்பதால் முதலில் ஒருவரும் எழும்பவில்லை. ஓட்டி நல்லையாண்ணை கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, முகம் கறுத்து மேலே வந்தார்.

"எஞ்சின் மட்டுமில்லை. தண்ணியும் வருது" என்றார்.

ஆண்கள் வாளிகளை எடுத்து இறைக்கத் தொடங்கினார்கள். நான் என் கணவரைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் இருந்தேன். இரத்தம் சுத்திகரித்த நாளில் இவருக்குத் தலை சுற்றும், நிற்க ஏலாது. ஆனாலும் "எனக்கும் ஒரு வாளி தாங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சங்கக்கடை மனேஜராக இருந்த காலத்து அதிகாரம் இன்னும் போகவில்லை.

கபிரியேல் வலை எடுக்கப் போனவன், எங்களைக் கண்டு வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து கயிறு கட்டி இழுத்தான். துறைக்கு வந்து சேர இருட்டிவிட்டது. கடைக்கார நவரத்தினத்தின் பாணும் பால்மாவும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயின. அவர் அவற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடலுக்குள்ளேயே போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டது: "கோழிக்கு ஆர் தீன் போட்டது?"

ஒக்ரோபர் 25, வெள்ளி

திணைக்களத்திலிருந்து பொறியியலாளர் வந்து பார்த்தார். எங்கள் லோஞ்சு அலைமகளின் அடித்தட்டை ஒரு திருகாணிச் சாவியால் தட்டினார். துரு தகடாக உதிர்ந்தது. இந்த லோஞ்சு வந்தபோது நான் பாவாடை சட்டை போட்ட பிள்ளை. மேளத்தோடு போய் வரவேற்றோம். அதன்பிறகு அதற்கு நிறம் அடித்தார்களே தவிர வேறு என்ன செய்தார்களோ தெரியாது.

இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் ஏற்றித் தகடு மாற்ற வேண்டுமாம். மூன்று கிழமை என்றார். நல்லையாண்ணை அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று.

அதுவரைக்கும் ஒரு சின்ன பைபர் படகு தருகிறார்கள். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அக்கரைக்குப் போய் வரும். இருபது பேர். பாதுகாப்பு அங்கி இருபதுதான் இருக்கிறது, ஒரு ஆள் கூட ஏற்ற முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.

தாழைத்தீவுக்குப் பாலம் இல்லை. ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய பள்ளிக்கூடம், காஸ் சிலிண்டர் எல்லாம் அக்கரையில். பின்னேரம் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். யார் போவது, யார் நிற்பது என்பதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்றார் கிராம அலுவலர் விதானையார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அவரே என்னைக் காட்டினார்.

"மெற்றில்டா அக்கா சொல்லட்டும். மாதர் சங்கச் செயலாளர். முன்பள்ளியில எங்கட பிள்ளையளுக்கெல்லாம் படிப்பிச்சவ. அவ சொன்னா ஒருத்தரும் கதைக்க மாட்டினம்."

நான் ஓம் என்றேன். வருகிற வழியில் இவர், "வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

நவம்பர் 1, வெள்ளி

ஒரு கிழமை போயிற்று. முதலில் நோயாளிகள், பிறகு கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகள், பிறகு படிக்கிற பிள்ளைகள், பிறகு வேலை. மிச்சம் இருந்தால் மற்றவர்கள். முதல் நாள் பின்னேரமே வீட்டுப் படலையில் வந்து கேட்கச் சொல்லியிருக்கிறேன். மட்டையில் துண்டு வெட்டி, சங்க முத்திரை குத்திக் கொடுக்கிறேன்.

ஒருவருக்கு இல்லை என்று சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து துண்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

இவருக்குத் திங்களும் வியாழனும். துணைக்கு நானும் போனேன். முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு பிடித்திருக்கிறது, நெருப்புக் காட்ட வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

நேற்று துறையில் நவரத்தினம் கேட்டார்: "அக்கா, நான் ஒரு கிழமையா ஒரு மூட்டை மா ஏத்த வழியில்லாமல் நிக்கிறன். மனேஜர் வீட்டுக்கெண்டா கிழமைக்கு நாலு இடம். கேக்கக்கூடாது, ஆனா கேக்கிறன்."

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

இரவு சாப்பிடும்போது இவர் சொன்னார்: "திங்கள் தொடக்கம் நான் தனியப் போறன். அங்க தாதிப் பிள்ளையள் இருக்கினம். நீர் வந்து என்ன செய்யிறீர்? நாலு மணித்தியாலம் வாங்கில இருந்து செபமாலை சொல்லுறீர். அதை இஞ்ச இருந்து சொல்லும்."

சரி என்றேன். என்னுடைய இடத்தை நவரத்தினத்தின் மூட்டைக்குக் கொடுத்தேன். திங்கள் பின்னேரம் தீவில் ரொட்டி சுட மா இருக்கும்.

நவம்பர் 12, செவ்வாய்

ஏ.எல். சோதனை இருபத்தைந்தாம் தேதி தொடங்குகிறது. பரீட்சை மண்டபம் அக்கரையில். எங்கள் பிள்ளைகள் ஏழு பேர். ஐந்து பேருக்கு அங்கே சொந்தக்காரர் வீடு இருக்கிறது. ஜெயசீலியின் மகள் தர்சிகாவுக்கும் அவளோடு படிக்கிற மயூரனுக்கும் தங்க இடமில்லை. அவர்கள் போய்த்தான் வர வேண்டும்.

கபிரியேல் முந்தாநாள் பின்னேரம் வந்து படலைக்கு வெளியே நின்றான். "அக்கா, சோதனை நாளில பிள்ளையளை என்ரை வள்ளத்தில கொண்டுபோய் விடுறன். உங்கட இருபதில கை வைக்க வேண்டாம்."

மீன்பிடி வள்ளத்தில் ஆள் ஏற்றக்கூடாது என்று கடற்படை சொல்லியிருக்கிறது. இது மாரி. வாடைக் காற்று எப்போது எழும்பும் என்று தெரியாது. "பாதுகாப்பு ஜக்கெற் இருக்கே உன்னட்டை?" என்று கேட்டேன்.

"ஜக்கெற்றோ? எனக்குப் பத்து வயசில இருந்து கடல் தெரியும்."

"உனக்குத் தெரியும். பிள்ளையளுக்குத் தெரியாது. நாளைக்கு ஒண்டு நடந்தா அந்தத் தாய்க்கு ஆர் பதில் சொல்லுறது?"

"நீங்கள் எல்லாத்தையும் சட்டமாக் கதைக்கிறியள்" என்று போய்விட்டான்.

அவன் நான் சொல்லியும் கேட்காமல் ஏற்றிவிடுவான் என்ற பயத்தில் விதானையாரிடம் சொல்லிவைத்தேன். அவர் கடற்படைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் போய்க் கபிரியேலின் வள்ளத்தைப் பதிவெண் பார்த்து எச்சரித்திருக்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவன் என்னைத்தான் நினைப்பான்.

நவம்பர் 18, திங்கள்

இவர் பின்னேரப் படகில் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. புதுச் செய்தி கொண்டுவந்தார்.

"ரத்த றிப்போட் நல்லாயிருக்காம். இனிக் கிழமைக்கு ஒருக்கா வந்தாக் காணுமெண்டு டொக்டர் சொன்னவர்."

"ஆர், பெரிய டொக்டரோ?"

"ஓம், அவர்தான்."

நல்ல செய்தி. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். வியாழக்கிழமைகளில் ஒரு இடம் மிச்சமாகும். சோதனை நடக்கும் வியாழக்கிழமைகளில் மயூரனை ஏற்றினாலும் தர்சிகாவை எப்படி ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை தீர்ந்தது.

இரவு றால் பொரித்தேன். இவருக்கு உப்பில்லாமல் தனியாக.

நவம்பர் 21, வியாழன்

இவர் வீட்டில் நின்றார். படலைக்கு ஓலை கட்டினார். இடைக்கிடை இருந்து இளைப்பாறினார். வேலை செய்து பழகாத உடம்பு.

பட்டறையிலிருந்து செய்தி: தகடு கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். மூன்று கிழமை என்று சொன்னவர் இப்போது இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு அக்கரையிலிருந்து வரும் ஆசிரியர்களில் பாதிப்பேர் இந்தக் கிழமை வரவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியுமோ என்ற பயம். கணக்குப் படிப்பிக்கிற நிரோஜன் சேர் மட்டும் தவறாமல் வருகிறார், படகின் முன்பக்கத்தில் இருந்து தெப்பமாக நனைந்துகொண்டு.

இரண்டு குடும்பங்கள் சாமான் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டன. பிள்ளைகளின் படிப்புக்காக என்றார்கள்.

நவம்பர் 25, திங்கள்

சோதனை தொடங்கியது. விடிய நாலரைக்கே தர்சிகா துறையில் வந்து நின்றாள். சீருடையைப் பையில் பத்திரமாக வைத்து, பழைய சட்டையோடு. இவரும் அதே படகில் போனார். அவள் இவருக்குப் பக்கத்தில் இருந்தாள். படகு வெளிக்கிடும்போது இவர் தன் குடையை அவளுடைய பைக்கு மேலே விரித்துப் பிடித்தார்.

நவம்பர் 28, வியாழன்

இவருக்குச் செருப்பு இறுகிவிட்டதாம். மழையில் நனைந்து ரப்பர் சுருங்கியிருக்கும். அக்கரைக்குப் போகும்போது ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும்.

இன்றைக்கு இருபது இடத்துக்கு முப்பத்துநான்கு பேர் கேட்டார்கள். நேற்றுப் பின்னேரம் தர்சிகாவின் தாய் ஜெயசீலி இன்றைய துண்டை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "மனேஜர் அண்ணையின்ரை இடமாமே இது. அவருக்கு ஒண்டுமில்லைத்தானே அக்கா?"

"டொக்டர்தான் சொன்னவர்" என்றேன்.

டிசெம்பர் 2, திங்கள்

காற்று. படகு ஓடாது என்று நல்லையாண்ணை கொடி ஏற்றிவிட்டார். சோதனைப் பிள்ளைகளுக்காக விதானையார் கடற்படையோடு கதைத்து, அவர்களுடைய பெரிய படகு ஒன்று வந்தது. நோயாளிகளும் ஏறலாம் என்றார்கள். ஓடிவந்து இவரைத் தேடினேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று கூரைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"கெதியா வெளிக்கிடுங்கோ, நேவிப் படகு வந்திருக்கு."

"அந்த ஆட்டத்தில என்னாலை ஏலாது. வாற திங்கள் போறன். ஒரு கிழமை பிந்தினால் ஒண்டும் வராது."

"டொக்டர் ஏசுவார்."

"ஏச மாட்டார். நீர் போய் அந்தப் பிள்ளையளை ஏத்திவிடும்."

போய் ஏற்றிவிட்டேன்.

டிசெம்பர் 4, புதன்

காலையில் இரண்டு தரம் போன் அடித்தது. யாழ்ப்பாணத்து நம்பர். முதல் தரம் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கை அசுத்தம். இரண்டாம் தரம் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளையின் குரல், "பொனிபஸ் ஐயாவின்ரை வீடோ" என்று இவருடைய பெயர் சொல்லிக் கேட்டது. பிறகு கரகர என்றது. "லைன் கிளியரில்லை பிள்ளை" என்று வைத்துவிட்டேன். பிறகு எடுக்கவில்லை.

இன்றைக்குச் சூரை மீன். இவருக்குச் சாப்பிட மனமில்லை. வாய் கைக்கிறதாம்.

டிசெம்பர் 6, வெள்ளி

இவருக்கு மாரித் தடிமன். இரவு படுத்தால் இருமல் வருகிறது என்று சாய்மனைக் கதிரையிலேயே நித்திரை கொள்கிறார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தார். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்பது அவருக்கு நினைவிருக்கிறது.

திங்கள் படகில் முதல் துண்டு இவருக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

டிசெம்பர் 8, ஞாயிறு. பெரியாஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை தேத்தண்ணீர் கொண்டுபோனபோது இவர் கதிரையில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். மூச்சு இழுக்கும்போது குமிழி உடைகிற சத்தம் கேட்டது. முகம் ஊதியிருந்தது. "நேரம் என்ன" என்று கேட்டார். சொன்னேன். திரும்பவும் கேட்டார்.

விதானையாருக்கு எடுத்தேன். அவர் கடற்படைக்கு எடுத்தார். அவர்களுடைய படகு வேறொரு தீவுக்குப் போயிருக்கிறது, வர மத்தியானம் ஆகும் என்றார்கள். எங்கள் பைபர் படகு காற்றுக்காக அக்கரையில் கட்டிக் கிடந்தது. காற்று முந்தின நாளைவிடக் குறைந்திருந்தது, ஆனால் அலை இருந்தது.

கபிரியேலின் வீட்டுக்கு ஓடினேன். அவன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் எழும்பவில்லை. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு நானும் அவனும் கதைக்கவில்லை.

"தம்பி, அவருக்கு ஏலாமல் கிடக்கு. அக்கரைக்குக் கொண்டுபோக வேணும்."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "ஜக்கெற் இல்லை அக்கா என்னட்டை."

நான் நின்றேன். அவன் வலையை ஒதுக்கிவிட்டு எழும்பினான். பிறகு உள்ளே திரும்பி, "ரெஜி, பெற்றோல் கானை எடுத்துக்கொண்டு வாரும்" என்று மனைவியைக் கூப்பிட்டான். "கதிரையோட தூக்குவம். படுக்க வைக்காதேங்கோ, மூச்சு அடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே என்னை முந்திக்கொண்டு ஓடினான்.

நாலு பேர் கதிரையோடு தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். நவரத்தினம் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தார். நல்லையாண்ணை எங்கிருந்தோ நாலைந்து வெறும் பிளாஸ்ரிக் கான்களைக் கொண்டுவந்து, மூடியை இறுக்கி, ஆளுக்கு ஒன்று இடுப்பில் கட்டிவிட்டார்.

வழியில் கடற்படை மறித்தது. கபிரியேல் வேகத்தைக் குறைத்து, இவரைக் கையால் காட்டினான். அவர்கள் பார்த்துவிட்டு, முன்னால் போய் வழிகாட்டினார்கள்.

அக்கரையில் அம்புலன்ஸ் நின்றது. இவரை ஏற்றும்போது கபிரியேலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவன் வள்ளத்துக்குள் நின்ற தண்ணீரைக் கோலி ஊற்றிக்கொண்டிருந்தான்.

இவர் அவசர சிகிச்சைப் பிரிவில். உள்ளே விடவில்லை.

டிசெம்பர் 10, செவ்வாய்

மூன்றாம் தரம் சுத்திகரித்தார்கள். கண் திறந்து பார்க்கிறார். என்னைத் தெரிகிறது.

பெரிய டொக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "கிழமைக்கு ரெண்டு தரம் கட்டாயம் வரவேணுமெண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறம். வராட்டில் நுரையீரலுக்க தண்ணி ஏறும். ஏனம்மா விட்டனீங்கள்?"

படகு இல்லை என்றேன்.

டிசெம்பர் 15, ஞாயிறு

வார்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெயசீலி பார்க்க வந்தாள், இரவே கிழங்கு அவித்துக் கட்டிக்கொண்டு. இவருக்குக் கிழங்கு ஆகாது. அவளுக்குத் தெரியாது. நான் சாப்பிட்டேன்.

இப்போது துண்டு கொடுக்கிறவள் அவள்தான். "ரெண்டு நாளில எனக்குத் தலையிடி பிடிச்சிட்டுது அக்கா. நீங்கள் எப்பிடி ஒரு மாதம் செய்தனீங்கள்?" என்றாள். தர்சிகா நல்லாக எழுதுகிறாளாம். பொருளியல் மட்டும் கொஞ்சம் கஷ்டமாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனபின், "பொருளியல் அந்த வியாழக்கிழமையோ?" என்றார்.

"இல்லை. அது செவ்வாய்."

"அப்ப என்னிலை பிழையில்லை" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

டிசெம்பர் 25, புதன்

நத்தார். வார்ட்டிலிருந்து விட்டுவிட்டார்கள். ஆனால் தீவுக்குப் போகக்கூடாது, இனிக் கிழமைக்கு மூன்று தரம் வர வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இந்த முறை நானே கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்வீதியில் ஒரு வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். குழாயைத் திறந்ததும் நல்ல தண்ணீர் வருகிறது. தீவில் குடிதண்ணீர்ப் பவுசர் வரும்வரை குடத்தோடு நின்ற எனக்கு முதல் நாள் அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அதை நான் சந்தோசமாகச் சொல்லிவிட்டேன். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் பூசை கண்டு வந்து, இவருக்குப் புட்டு அவித்தேன். சாப்பிட்டுவிட்டு, விரலைக் கழுவாமலே இருந்தார்.

"டயலிசிஸ் அறைத் தாதிப்பிள்ளை சொன்னது, நான் வராத கிழமை உமக்குப் போன் எடுத்தவையாமே."

நான் கோப்பையை எடுத்தேன். "எடுத்தவை. லைன் கிளியரில்லை. ஒண்டும் விளங்கேல்லை."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"ஓம்" என்றார். "தீவில லைன் அப்பிடித்தான்."

பிறகு கையைக் கழுவ எழும்பினார். நான் தண்ணீர் ஊற்றினேன். குழாய் இருந்தாலும் ஊற்றினேன்.

ஜனவரி 11, சனி

அலைமகள் திரும்பி வந்துவிட்டதாம். விதானையார் போனில் சொன்னார். புது நிறம், புதுத் தகடு, பழைய எஞ்சின்தான் திருத்திப் போட்டிருக்கிறார்கள். வருகிற கிழமை தொடக்கம் ஓடும். நாடா வெட்டுகிற விழாவுக்கு நான் வர வேண்டும் என்றார். இவருக்குச் சுத்திகரிப்பு நாள், வர முடியாது என்றேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். நிரோஜன் சேருக்குத் தீவிலேயே தங்க விருப்பமாம். மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. ஆசிரியர் விடுதி கூரை விழுந்து கிடக்கிறது. இந்தத் தவணையில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் மேல் வகுப்புகளை மூடிவிடுவார்கள், பிறகு இன்னும் கொஞ்சப்பேர் சாமான் கட்டுவார்கள். "உங்கட வீடு சும்மா கிடக்குத்தானே அக்கா" என்று இழுத்தார்.

இவரிடம் சொன்னேன்.

"வீடு சும்மா கிடக்கெண்டு ஆர் சொன்னது? லோஞ்சு ஓடத் தொடங்கினா நாங்கள் போவம்."

"கிழமைக்கு மூண்டு தரம் எப்பிடிப் போய் வாறது?"

"போய் வரலாம்."

"அது நிண்டா?"

இவர் கட்டிலில் போய்ப் படுத்தார். மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டுக்காரர் பொங்கிக் கொடுத்தார்கள். வெல்லம் இவருக்கு ஒரு விரல்நுனி.

இவர் பின்னேரம் தானாகவே போனைக் கேட்டு வாங்கி, நிரோஜன் சேருக்கு எடுத்தார். நான் வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது.

"தம்பி, கிணத்துப் பம்புக்கு முதல் ஒரு வாளி தண்ணி ஊத்தவேணும், இல்லாட்டில் இழுக்காது... ஓம். வடக்குப் பக்க யன்னல் வாடைக்குச் சாத்தாது, ஒரு துணி வைச்சு அமத்துங்கோ. பிள்ளையின்ரை தொட்டிலை நடு அறையில கட்டுங்கோ, அங்கதான் காத்து... இல்லை, வாடகை ஒண்டும் வேண்டாம். கோழியளைப் பாத்தாக் காணும். முட்டையைப் பிள்ளைக்குக் குடுங்கோ."

நெடுநேரம் கதைத்தார். போனை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் உள்ளே போகாமல், காய்ந்த உடுப்பைத் திரும்பவும் உதறிக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 18, சனி

நிரோஜன் சேருக்கு வீட்டுத் திறப்புக் கொடுக்கத் தீவுக்குப் போய் வந்தேன். லோஞ்சில் துண்டில்லாமல் ஏறினேன். நிறைய இடம் இருந்தது. இருபது பேர் அடித்துப்பிடித்த இடத்தில் இப்போது வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. போன குடும்பங்களை எண்ண மனம் வரவில்லை. நல்லையாண்ணை எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "எப்பிடி அண்ணை?" என்றேன். "கதைக்காதேங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

துறையில் கபிரியேல் நின்றான். என் பையை வாங்கிக்கொண்டு வீடுவரை நடந்து வந்தான். வழியில் மனேஜர் அண்ணை எப்படி என்று கேட்டான், சொன்னேன். பெற்றோலுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன், அவன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "முருங்கையில மயிர்க்கொட்டி அக்கா, நான்தான் கொளுத்தினனான்" என்றான்.

சேரின் மனைவி பெயர் அபிராமி. சின்னப் பெண். எங்கள் அடுப்படியில் சாமானை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் இடம் காட்டவில்லை. அவளுக்கு வசதியான இடத்தில் வைக்கட்டும். எனக்கும் இவருக்கும் தேவையான உடுப்பு, மாதா படம், இவருடைய சவர்க்காரப் பெட்டி இவ்வளவையும் ஒரு உரப்பையில் கட்டினேன். புறப்படும்போது அவள், "அன்ரி, நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் வரலாம், உங்கட வீடு" என்றாள். குழந்தை தொட்டிலில் நித்திரை, நடு அறையில்.

பின்னேர லோஞ்சில் திரும்பினேன். இடையில் ஒருதரம் எஞ்சின் விக்கியது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். பிறகு ஓடியது.

அறைக்கு வந்தபோது இவர் முழித்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதோ?"

"ஓடுது."

"செவ்வாய் ரத்தம் சுத்திகரிச்சு முடிய, புதன் போய், வியாழன் விடிய வெளிக்கிட்டா நேரத்துக்கு வரலாம் என்ன?"

"லோஞ்சு ஒழுங்கா ஓடினா வரலாம்."

"ஒரு இரவுதானே."

"அங்க இப்ப ஆக்கள் இருக்கினம். எங்க படுக்கிறது?"

"விறாந்தையில படுப்பம். விருந்தாளியள் வேற எங்க படுக்கிறது?"

நான் உரப்பையை அவிழ்த்து உடுப்புகளை எடுத்துவைத்தேன். இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தபோது திரும்பவும் கேட்டார்.

"வெறுங்கையோட போகேலாது. அந்தப் பிள்ளைக்கு, சேரின்ரை மனிசிக்கு, என்ன விருப்பமெண்டு கேட்டனீரே?"

கேட்கவில்லை. நாளைக்குப் போன் எடுத்துக் கேட்க வேண்டும்.